எட்டாவது துளி

கோழியின் மூக்கில் மருந்து விடுவது சின்ன வேலை என்றுதான் பார்க்கிறவன் நினைப்பான். செய்துபார்த்தால் தெரியும். கோழியைக் கக்கத்தில் இடுக்கி, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, சொண்டை இரண்டு விரலால் மூடிப் பிடிக்க வேண்டும். கீழ்ப்பக்கத்து மூக்கை இன்னொரு விரலால் அடைக்க வேண்டும். மேல்பக்கத்து மூக்கில் ஒரே ஒரு துளி. விட்டதும் கையை எடுத்துவிடக் கூடாது. அது மூச்சை உள்ளே இழுத்து, துளி காணாமல் போகும் வரைக்கும் அப்படியே நிற்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு சிலுப்புச் சிலுப்பும், மருந்து நம்முடைய சட்டையில் இருக்கும்.

தயாபரனின் கையில் கோழி சிலுப்புவதில்லை. பத்தொன்பது வருஷம் பழகிய கை. கொட்டாஞ்சேனைச் சந்தைக்குப் பின்பக்கம் அஷ்பாக் நானாவின் கோழிக்கடையில் வேலை பார்த்தான். அறுப்பது நானாவின் மச்சான். சுடுதண்ணீரில் முக்கி இறகு பிடுங்குவதும் துண்டு போடுவதும் தயாபரன். கூட்டிலிருந்து கோழியை எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். அவன் எடுத்தால் கத்தாது.

"ஒண்ட கைக்கு வந்தா, மௌத்தாப் போறது தெரியாமலே போகுதுகள்டா" என்பார் நானா.

சாகிறது தெரியாமலே சாகிறதாம். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தயாபரனுக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை.

பிறகு கடை இருந்த கட்டடத்தை மாடிவீடு கட்டுகிறவனுக்கு விற்றுவிட்டார்கள். நானா வத்தளைப் பக்கம் போனார். தயாபரன் நாலு மாதம் வீட்டில் சும்மா குந்திக்கொண்டிருந்தான். நாற்பத்தொன்பது வயதில், எட்டாம் வகுப்புப் படிப்போடு, கோழி உரிக்க மட்டும் தெரிந்தவனை யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டது உஷாந்தி டொக்டர். கோழி, மாடு பார்க்கிற டொக்டர். வெள்ளவத்தைக்காரி. முன்பு கடைக்கு வந்து கோழிகளின் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போவாள். அப்போதே இவனுடைய கையைப் பார்த்துவைத்திருக்கிறாள்.

"அண்ணை, உங்களுக்குக் கோழி பிடிக்கத் தெரியும். எனக்கு அது காணும்" என்றாள்.

வேலை இதுதான். வெளிநாடுகளில் பறவைக் காய்ச்சல் வந்து கோழிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று புதைப்பதைப் போனில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இங்கே வரட்டும் என்று காத்திராமல் முன்கூட்டியே ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். ஊசி இல்லை, மூக்கில் ஒரு துளி. அந்த ஒரே துளி, பறவைக் காய்ச்சலுக்கும், ஊர்க்கோழிகளை அடிக்கடி வந்து வாரிக்கொண்டு போகும் ராணிக்கெட் நோய்க்கும் சேர்த்துக் காவல். பண்ணைக் கோழிகளை விட்டுவிட்டு, தெருவில் திரியும் கோழிகளில் இது எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் டொக்டரின் ஆராய்ச்சி. அதற்குக் கொட்டாஞ்சேனையை விட வாய்ப்பான இடம் கிடையாது. துறைமுகப் பக்கத்துத் தோட்டங்களில், அதாவது ஒரு சுவருக்கு இரண்டு வீடு என்று நெருக்கியடித்த வரிசைகளில், வீட்டுக்கு ஐந்தாறு கோழி. அதுகள் மீன்குடலைக் கொத்துவது காகத்தோடும், எங்கிருந்தோ வந்து இறங்கும் கடற்புறாக்களோடும்.

ஐஸ் பெட்டி, நீலம் கலந்த மருந்துப் போத்தல், சொட்டு விடும் குழாய், காலில் மாட்டும் நீல வளையம், வீட்டுக்கு ஒரு கார்ட். போத்தலைத் திறந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். டொக்டர் ஒரு பக்கத்து வீடுகளைச் செய்தால் தயாபரன் மறுபக்கம். மூன்றாவது கிழமையே அவள் அவனைத் தனியாக அனுப்பிவிட்டாள். அவ்வளவு நம்பிக்கை.

சனத்துக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏன் அய்யே, கொரோனா நேரம் எங்களுக்குக் கையில குத்துனீங்க, கோழிக்கு மட்டும் வலிக்காம மூக்குல துளியா?" என்று கேட்டாள் ஷெரோமி. ஒரு தோட்டத்து முன்வீட்டுக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

"கோழிக்குக் கையில்லையே தங்கச்சி."

"கார்ட் வேற குடுக்கிறீங்க. நாளைக்கு இதக் காட்டாட்டி பஸ்ஸுல ஏத்தமாட்டானுங்களோ?"

தயாபரன் சிரித்துக்கொண்டே கோழியின் தலையைச் சாய்ப்பான். நேற்று வரைக்கும் கோழிக்கடைத் தயா என்று கூப்பிட்டவர்கள் இப்போது மருந்துக்காரர் என்கிறார்கள். கொல்லக் கொடுத்த கைக்கு இப்படி ஒரு மரியாதை வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அந்த மரியாதை அவனுக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதுதான் பிறகு வினையாகவும் வந்தது.

ஷெரோமியின் வீட்டுக்குப் பின்னால் ஆறாயி அக்காவின் வீடு. ஆறாயி காலையில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போய், மத்தியானம் திரும்புகிறவள். புருஷன் இல்லை. ஒரே மகள் நிரோஷா, பாமன்கடையில் ஒரு மாடியறையில் புருஷனோடு இருக்கிறாள். கல்யாணமாகி எட்டு வருஷம். இரண்டு தடவை வயிற்றில் வந்தும் தங்கவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது ஆறாயி முனியாண்டி கோவிலில் நேர்ந்தாள்: பிள்ளை நல்லபடி பிறந்தால் ஒரு சேவல். வெறுமனே சொல்லவில்லை. தன் கையால் வளர்த்த செவலைச் சேவலைக் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். சேவல் உடம்பை உதறிச் சிலிர்த்தது. சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். இடது காலில் மஞ்சள் நூல் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அது அவளுடைய சேவல் இல்லை, முனியாண்டியின் சேவல். தோட்டத்துப் பிள்ளைகள் கூட அதற்குக் கல்லெறியாதுகள்.

தயாபரன் போன அன்றைக்கு ஆறாயி வேலைக்குப் போயிருந்தாள். ஷெரோமிதான் படலையைத் திறந்துவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று ஓடினாள். ஏழு பேடு. ஒவ்வொன்றாகப் பிடித்து, சாய்த்து, துளி விட்டு, வளையம் போட்டான். எட்டாவது, விறகுக் குவியலின் மேல் நின்ற செவலைச் சேவல். கை நீட்டினான், பேசாமல் வந்தது. கக்கத்தில் இடுக்கினான். தலையைச் சாய்த்தான். கால் உதறாமல் பிடிப்பதற்காகப் பெருவிரலை நகர்த்தியபோது நூல் தட்டுப்பட்டது.

கை அப்படியே நின்றுவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, நானாவின் கடைக்கு யாரோ களவெடுத்த சேவல் ஒன்றைக் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போனான். காலில் இதே மாதிரி மஞ்சள் நூல். தயாபரன் அதைப் பார்த்தான். பார்த்தும், கடையில் கூட்டம் நின்றதால், நூலை அறுத்துக் கூடைக்குள் எறிந்துவிட்டு இறகைப் பிடுங்கினான். அந்தக் கிழமை முடியவில்லை, அவனுடைய பெண்சாதிக்கு ஆறு மாத வயிறு கலைந்தது. அதற்குப் பிறகு பிள்ளையே இல்லை. டொக்டர்மார் வேறு காரணம் சொன்னார்கள். இவன் கேட்டுத் தலையாட்டினான். உள்ளுக்குள் அவனுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அதைப் பெண்சாதிக்கு இன்றைக்கு வரைக்கும் சொன்னதில்லை.

இப்போது கையில் இன்னொரு நேர்த்திச் சேவல். அதுவும் ஒரு பொம்பிளையின் வயிற்றுக்கு நேர்ந்தது என்று தோட்டத்தில் அவனும் கேள்விப்பட்டிருந்தான். தன்னுடைய கை இதன் சொண்டில் படவே கூடாது என்று அவனுக்குப் பட்டது. நிரோஷாவுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது. நல்ல எண்ணந்தான். சேவலை மெல்ல இறக்கிவிட்டான்.

குழாயின் நுனியில் எட்டாவது துளி நீலமாகத் தொங்கிக்கொண்டு நின்றது. ஒரு வீட்டில் ஒரு கோழி விடுபட்டாலும் அந்த வீடே கணக்கில் இல்லை என்று டொக்டர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாள். நாற்பது வீடு தேவை. முப்பத்தெட்டுக்கே நாய்பட்ட பாடு. மருந்துக்காரர் என்ற பேரோடு போய், நூலுக்குப் பயந்து விட்டுவிட்டேன் மிஸ் என்று படித்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அவன் துளியைச் சீமெந்துத் தரையில் சொட்டவிட்டான். செருப்பால் தேய்த்தான்.

போன் அடித்தது. "எத்தினை அண்ணை அங்க?" டொக்டர்.

"எட்டு மிஸ்."

கார்டிலும் எட்டு என்று எழுதினான்.

மத்தியானம் அடுத்த தோட்டத்து வாசலில் வேனுக்குப் பக்கத்தில் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாயி வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சேவலைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கூட வைக்காமல், வேர்க்க விறுவிறுக்க நேராக அவனிடம் வந்தாள்.

"தம்பி, என் சேவலுக்கும் போட்டீங்களா? காலுல வளையத்தக் காணோமே."

"நூலு இருக்கிற காலுக்கு எதுக்குக்கா வளையம்?"

"அது சரி. மருந்து போட்டீங்கதானே? நேத்தே கோயிலுக்குப் போயி உத்தரவு கேட்டுட்டேன். பூ வச்சுப் பாத்தேன் தம்பி, வெள்ளப் பூதான் வந்துச்சு. மருந்து போடலாமுன்னு முனியாண்டியே சொல்லிருச்சு. சேவலு உசுரோட இருந்தாத்தானே குடுக்க முடியும்?"

தயாபரன் தேத்தண்ணீர்க் கோப்பையை வேன் படியில் வைத்தான். சாமியே சம்மதம் கொடுத்துவிட்டது. சம்மதம் கேட்காமல் பயந்தவன் இவன்தான். ஐஸ் பெட்டி காலடியில் இருந்தது. திறந்து அரை மணித்தியாலமும் ஆகாத போத்தல் அதற்குள் இருந்தது. டொக்டர் இரண்டடி தள்ளி நின்று பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தாள். 'அக்கா, அது மட்டும் விடுபட்டுப்போச்சு, வாங்க போட்டுறலாம்.' சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

"ஆமாக்கா, போட்டேன்" என்றான்.

"நல்லா இருப்பீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகும் நாள் இருந்தது. நாளைக்கு ஒரு துளி மிச்சம் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம் என்று நினைத்தான். மிச்ச மருந்தையெல்லாம் டொக்டர் தன் கையாலேயே ஊற்றி அழித்துவிடுவாள். கேட்டால் ஏன் என்று கேட்பாள். சரி, அடுத்த கிழமை பார்ப்போம். அடுத்த கிழமை அந்த வழியால் போகும்போது சேவல் கூரையில் ஏறி நின்று கூவிக்கொண்டிருந்தது. நல்லாத்தானே நிற்கிறது என்று இருந்துவிட்டான். மனுசன் அப்படித்தான். தப்பு கூவிக்கொண்டு திரியும் வரைக்கும் அது தப்பாகத் தெரிவதில்லை.

மழை தொடங்கியது. யாரோ விசேஷத்துக்கென்று எங்கிருந்தோ பத்துக் கோழி கொண்டுவந்து கட்டினார்கள். நாலாம் நாள் அதில் இரண்டு பச்சையாகக் கழித்துக்கொண்டு செத்தது. பிறகு தோட்டம் முழுக்கப் பரவியது. பறவைக் காய்ச்சல் என்று சனம் பயந்து கத்தியது. டொக்டர் வந்து சோதித்து, அது இல்லை, ராணிக்கெட் என்றாள். கோழிக்கு ராணிக்கெட்டும் பறவைக் காய்ச்சலுக்குக் குறைந்ததில்லை. எங்களுக்கு மருந்தும் வேண்டாம், மண்ணும் வேண்டாம் என்று விரட்டிய மூலைவீட்டுக்காரனின் பதினொரு கோழியும் இரண்டு நாளில் போனது. துளி விட்ட வீடுகளில் கோழிகள் மழைக்கு ஒதுங்கிப் பேசாமல் நின்றன. ஷெரோமி அந்தக் கார்டை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியே விட்டாள்.

ஆறாயியின் ஏழு பேடும் நின்றன. சேவலுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. வானத்தைப் பார்த்தபடி வட்டம் வட்டமாகச் சுற்றியது. அடுத்த நாள் விடியும்போது விறகுக்குப் பக்கத்தில் விறைத்துக் கிடந்தது. அப்போது நிரோஷாவுக்கு ஏழாம் மாதம்.

செய்தி கேட்டுத் தயாபரன் ஓடினான். ஆறாயி அழவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்து, மஞ்சள் துணியில் சுற்றிய சேவலை மடியில் வைத்திருந்தாள்.

"ஒரே மருந்து தம்பி. ஒரே கை. ஏழும் உசுரோட நிக்கிது. சாமிக்குன்னு விட்டது மட்டும் போச்சு. இதுக்கு மேல முனியாண்டி என்னாத்தச் சொல்லணும்?"

தயாபரன் வாயைத் திறந்தான். "சில நேரம் மருந்து பிடிக்காதுக்கா" என்றான்.

"எட்டுல ஏழுக்குப் பிடிக்கும். சாமி கோழிக்கு மட்டும் பிடிக்காதாக்கும்?" அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறான். "அது வேணாம்னுருச்சு தம்பி. என் கையால வளத்தது அதுக்கு வேணாம்."

அன்றைக்கே முகத்துவாரத்துக்குப் போய்ச் சேவலைக் கடலில் விட்டாள். திரும்பி வந்தவள் ஒரு முடிவோடு வந்தாள். தன்னுடைய கைதான் தோஷம். மகளுக்கு இரண்டு தடவை கலைந்தபோதும் பக்கத்தில் இருந்து கஞ்சி கொடுத்தது இந்தக் கைதான். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமானால் தான் நிரோஷாவின் பக்கமே போகக் கூடாது. அவள் கண்ணிலும் படக் கூடாது.

நிரோஷா போன் அடித்துப் பார்த்தாள். அம்மா எடுக்கவில்லை. கடைசியில் அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு பாமன்கடையிலிருந்து த்ரீவீலில் வந்து இறங்கினாள். மிஞ்சிய கோழிகளில் இரத்தம் எடுக்க டொக்டர் அனுப்பியதால், தயாபரன் அன்றைக்கு ஆறாயியின் முற்றத்தில்தான் நின்றான். ஆறாயி மகளின் குரலைக் கேட்டதும் உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

"அம்மா, கதவத் தொற. எனக்குக் கால் வீங்கிப்போச்சும்மா. நிக்க முடியல."

"போயிரு பாப்பா. நல்லபடியாப் பெத்துக்க. அதுக்கப்புறம் பேசலாம்."

"பைத்தியமா ஒனக்கு? ஒரு சேவலுக்காகவா?"

"சேவலுக்காக இல்ல. போயிரு."

நிரோஷா திரும்பித் தயாபரனைப் பார்த்தாள். முகமெல்லாம் தண்ணீர். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க அதுக்கு."

கையில் ஒரு பேட்டைப் பிடித்தபடி நின்றான். சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன்தான் என்பது அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

"ஆறாயி அக்கா, கதவத் தொறங்க. பாவம் பிள்ள" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

கதவு திறக்கவில்லை. நிரோஷா அரை மணித்தியாலம் அந்தப் படியில் இருந்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனாள்.

அவன் முதலில் உடைந்தது ஆறாயியிடம் இல்லை, டொக்டரிடம். ஏனென்றால் டொக்டரிடம் சொல்வது லேசு. மருந்து விட்ட கோழி ஒன்று எப்படிச் செத்தது என்று அவள் இரண்டு கிழமையாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டியைத் தான் அடிக்கடி திறந்து சூடேற்றிவிட்டேனோ, போத்தலில் பிழையோ என்று தன்னையே நொந்துகொண்டாள். ஒருநாள் வெள்ளவத்தையில் அவளுடைய வீட்டு வாசலில் சாமான்களை இறக்கும்போது அவன் சொல்லிவிட்டான். நூலையும், தரையில் விட்ட துளியையும், எல்லாவற்றையும்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணை, நேர்த்திச் சேவல் எண்டு சொல்லியிருந்தா ஒரு குறிப்பு எழுதிப்போட்டு விட்டிருப்பன். காரணம் எழுத அந்தத் தாளில இடமே விட்டிருக்கு. காரணமில்லாமல் விட்டாத்தான் வீட்டை வெட்டுறது. முதல் நாளே வாசிச்சுக் காட்டினனான்."

வாசித்துக் காட்டியது உண்மை. அப்போது இவன் விளங்காததற்கும் சேர்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்கள் பொய் சொன்னது ஒரு துளிக்கு. ஆனா இப்ப எனக்கு மற்றத் துளியள எப்படி நம்புறது எண்டு தெரியேல்ல" என்றாள். அவன் தனியாகச் செய்த பதினாறு வீடுகளையும் அவள் ஆராய்ச்சியிலிருந்து வெட்டிவிட்டாள். அந்தப் பதினாறில் பதினைந்து சுத்தமாகச் செய்தவை.

படலையைச் சாத்தும்போது கேட்டாள், "அந்த அம்மாவிட்ட சொல்லிட்டீங்களோ?"

"இல்ல மிஸ்."

"முதல் அங்கயெல்லோ போயிருக்க வேணும்."

அடுத்த நாள் முதல் வேலை இல்லை. பிறகு ஒரு வெங்காயக் கடையில் மூட்டை இறக்கப் போனான்.

அப்போதும் அவன் ஆறாயியிடம் போகவில்லை. பிள்ளை பிறக்கட்டும் என்று இருந்தான். இப்போது சொல்லி, நாளைக்கு வயிற்றுக்கு ஏதும் ஆனால், அந்தப் பழியும் தன் தலையில் விழும் என்ற பயம். ஆனால், அக்கா ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறாள், நேரம் பார்த்துச் சொல்வோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நேரம் பார்க்கிறவனுக்கு நேரமா கிடைக்காது?

பெண் பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம், மூன்று கிலோவுக்குக் கிட்ட. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் தாய்மார் வந்து நிற்க, நிரோஷாவுக்குப் புருஷனின் அக்கா வந்து நின்றாள். ஆறாயி போகவில்லை. தீட்டுக் கழிக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் போகவில்லை. பிள்ளையின் படத்தை ஷெரோமி தன் போனில் காட்டியபோது, தூரத்தில் நின்றே எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம்.

முப்பத்தைந்தாம் நாள் தயாபரன் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறாயி கோழிகளுக்குப் பழஞ்சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

"அக்கா, அந்தச் சேவலுக்கு நான் மருந்து போடல. நூலப் பாத்துப் பயந்து விட்டுட்டேன். நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன். அது சாமி வேணாம்னு சொல்லிச் சாகல. மருந்து இல்லாமச் செத்துச்சு."

ஆறாயி சோற்றை உதிர்த்துக்கொண்டே இருந்தாள். கைச்சோறு முடிந்ததும் நிமிர்ந்து, அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஷெரோமி அனுப்புச்சா ஒங்கள?"

"யாரும் அனுப்பலக்கா. சத்தியமா நான் போடல."

"நிரோஷா அனுப்பியிருப்பா. என்னைய எப்படியாச்சும் கூட்டிட்டுப் போகணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுறீங்க."

"அக்கா, முனியாண்டி மேல..."

"வேணாம்!" அவள் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தாள். "பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க தம்பி. என் மனசத் தேத்துறதுக்காக நீங்க எதையும் தலையில தூக்கிப் போட்டுக்காதீங்க. போடாம இருந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பீங்க. சேவல மடியில வச்சிட்டு உக்காந்திருந்தப்ப சொல்லியிருப்பீங்க. எம் பொண்ணு இந்தப் படியில உக்காந்து அழுதப்ப சொல்லியிருப்பீங்க. பக்கத்துலதானே நின்னீங்க? எந்த மனுசன் அதப் பாத்துட்டுச் சும்மா நிப்பான்?"

தயாபரன் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

"நான் ஒதுங்கி நின்னேன். புள்ள நல்லபடியா வந்துச்சு. அது போதும் எனக்கு" என்றாள். உள்ளே போய்ப் பேப்பரில் சுற்றிய பத்து முட்டையை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தாள். "பச்ச ஒடம்புக்காரி. ஊர்க்கோழி முட்ட அந்தப் பக்கம் கெடைக்காது. கொண்டுபோய்க் குடுத்துருவீங்களா? நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம். சந்தையில வாங்குனதுன்னு சொல்லுங்க."

பெட்டாவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதியால் வெள்ளவத்தைக்கு இன்னொரு பஸ், பிறகு நடை. முட்டைப் பையை மடியிலேயே வைத்திருந்தான். பாமன்கடையில் அந்த மாடிப்படி ஏறும்போது பிள்ளை அழும் சத்தம் கேட்டது. நிரோஷா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கதவைத் திறந்தாள். அவனைத் தாண்டிப் படிப்பக்கம் எட்டிப் பார்த்தாள். வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் முகம் விழுந்தது.

"உக்காருங்கண்ணே. அம்மா எப்படி இருக்கு?"

அவன் உள்ளே போகாமல் பையை மேல்படியில் வைத்தான். சந்தையில் வாங்கினது என்று சொல்லவில்லை. அம்மா கொடுத்தது என்றான். பிறகு மற்றதையும் சொன்னான். இரண்டு தடவை சொன்ன பழக்கத்தில் இந்தத் தடவை வார்த்தை சீராகவே வந்தது.

நிரோஷா தட்டுவதை நிறுத்தினாள்.

"நான் அன்னிக்கு வாசல்ல நின்னு ஒங்களக் கேட்டேன்ல? அப்பத் தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்மா."

"அம்மாகிட்ட இப்ப சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். அது நம்பமாட்டேங்குது."

நிரோஷா நம்பினாள். நம்ப வேண்டியவள் நம்பவில்லை, இவள் ஒரு சொல் கேட்டவுடன் நம்பிவிட்டாள். நம்பியதால்தான் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், பிள்ளையின் தலையைக் கையால் மறைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். முட்டைப் பை வெளியே படியில் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆறாயி மறுபடி முட்டை கொடுத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் போகிறான். கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பையைப் படியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவான். கீழ்ப்படிக்கு வந்ததும் நிற்பான். மேலே கதவு திறந்து, பையை எடுக்கும் சத்தம் கேட்கும். சில நாள் பிள்ளையின் குரலும் கேட்கும். கேட்டதை அப்படியே கொண்டுபோய், "இன்னிக்குச் சத்தமாக் கத்துச்சுக்கா" என்று ஆறாயியிடம் சொல்வான். அவள் அதை இரண்டு மூன்று தடவை திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.